தங்கத்துக்கு அடியில் இருந்தது

தவமணி போய்விட்டார் என்று முனியாண்டி தொலைபேசியில் சொன்னபோது, நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் என் வீட்டு வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்க மருத்துவமனைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். "இனி அவசரமில்ல அண்ணே. மெதுவா வாங்க" என்றார் முனியாண்டி. ஒரு கால் சப்பாத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தவமணியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதத் தகுதியானவன் நான்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போவுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் அவர் நடத்திய சின்ன ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தேன். அவர் செய்வார், நான் அளப்பேன், முனியாண்டி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

நாங்கள் வேலை செய்தது கிராபீனில். ஒரே ஓர் அணுவின் தடிமன் கொண்ட கரித்தாள் அது. மின்சாரம் அதில் தங்குதடையின்றி ஓடும். ஆனால் அதைக் கருவியாக்க வேண்டுமென்றால் வடிவம் வெட்ட வேண்டும், உலோக முனைகள் வைக்க வேண்டும். அதற்காக மேலே பிசின் பூசிக் கழுவுகிறோம். எவ்வளவு கழுவினாலும் பிசின் முழுதாகப் போவதில்லை. கருவி கைக்கு வரும்போது தாளின் திறன் பெரும்பாலும் செத்திருக்கும். கருவியும் ஆக வேண்டும், திறனும் குறையக் கூடாது. தவமணி தன் கடைசி ஆண்டுகளை இதற்குத்தான் கொடுத்தார்.

அவருடைய அக்கா புஷ்பா ஒருமுறை சித்தியவானிலிருந்து கூடத்தைப் பார்க்க வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தங்கையைப் படிக்க வைத்தவர். நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே தவம்" என்றார்.

"தெரியாதுக்கா. நீ மரம் வெட்டுறப்ப பட்டையோட நிறுத்திக்குவியே, கட்டையில கத்தி படாம? அதேதான் இங்கயும். வெட்டணும், காயம் படக்கூடாது."

"காயம் பட்டா எங்கள தோட்டத்துக் கிராணி ஏசுவான். ஒன்ன யாரு ஏசுறா?"

"இதோ, இந்த அண்ணன்தான். வாயத் திறக்க மாட்டாரு. நம்பரைத் திருப்பிக் காட்டுவாரு, அவ்ளோதான்."

அக்காவும் தங்கையும் முனியாண்டியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு சரஸ்வதி பூசைக்கு முனியாண்டி வழக்கம்போல் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டினார். மேசையில் புதிய தாள்கள் திறந்தபடி இருந்தன. அடுத்து நான் அளந்தபோது எல்லாம் பாழ். முனியாண்டியின் முகம் வெளுத்துவிட்டது. "வருசா வருசம் காட்டுறதுதானே டாக்டர். காட்டலைன்னா மெஷின் கோவிச்சுக்கும் லா."

"மெஷின் கோவிக்கல முனியாண்டி. கிராபீன்தான் கோவிச்சுக்கிச்சு" என்றார் தவமணி. பிறகு அவர் தோளில் தட்டி, "நீ காட்டுனது தப்பில்ல. நான் மூடாம வச்சதுதான் தப்பு" என்றார்.

அன்றிலிருந்துதான் முதலில் மூடுவது என்று தீர்மானித்தார். தாள் பிறந்தவுடனே, வேறெதுவும் தொடுமுன், அதன்மேல் மெல்லிய தங்கப் படலம் படியச் செய்வார். பிசின், வெட்டு, கழுவல் எல்லாம் தங்கத்தின் மேல்தான் நடக்கும். கடைசியில் நடுப்பகுதித் தங்கத்தை மட்டும் இராஜ திராவகத்தில் கரைத்தால் அடியில் தாள் பிறந்தபடி இருக்கும். இரு முனைகளில் மிஞ்சும் தங்கமே மின் தொடர்பு. "பொண்ணுக்கு நகை போட்டு அனுப்புற மாதிரியா டாக்டர்?" என்று முனியாண்டி கேட்டார். "இல்ல லா. நகையக் கழட்டிட்டு அனுப்புற கல்யாணம் இது" என்றார்.

முதல் முயற்சிகள் தங்கம் பூசும்போதே கிழிந்தன. நன்றாக வந்தது ஒரே ஒரு சில்லு. அதில் தங்கத்தைக் கரைக்குமுன் அவர் நோயில் விழுந்தார். கல்லூரியும் கூடத்தை மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. காணாமல் போய்விடக் கூடாதென்று சில்லை ஒரு சின்னப் பெட்டியில் இறுக மூடி வீட்டுக்குக் கொண்டுபோனார். "நான் எழுந்து வந்து கரைக்கிறேன் அண்ணே. நீங்க அளங்க" என்றார்.

காரியத்தன்று அந்தப் பெட்டியை அவருடைய படத்தின் முன் பார்த்தேன். திறந்திருந்தது. சில்லின் மேல் திருநீறு. பக்கத்தில் சாம்பிராணிப் புகை.

"புள்ள மாதிரி பார்த்துக்கிட்டா அண்ணே. அதான் தொறந்து வச்சுக் காட்டுறேன், தினமும்" என்றார் புஷ்பா. "நீங்க எடுத்துட்டுப் போய் முடிச்சுக் கொடுங்க. அவ செஞ்சது சரியா வந்துச்சான்னு எனக்குத் தெரியணும்."

கூடத்தில், பாதி கட்டிவைத்த சாமான்களுக்கு நடுவே நானும் முனியாண்டியும் அதைச் செய்தோம். அவர் கரைத்தார். நான் அளந்தேன். மின்சாரம் ஓடியது. ஆனால் பழைய முறையில் செய்த எந்தச் சில்லும் தரும் அளவுதான். மறுபடி கழுவி, மறுபடி அளந்தேன். அளக்கும் முள்ளை மாற்றி வைத்தும் அளந்தேன். எண் மாறவில்லை.

காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புகை ஓரங்களின் வழியாக உள்ளே போயிருக்கலாம். எங்கள் கை பழகாத கையாக இருந்திருக்கலாம். அல்லது அவருடைய முறையே தவறாக இருக்கலாம். "ஒண்ணே ஒண்ண வச்சுக்கிட்டு எதையும் சொல்லாதீங்க அண்ணே" என்று அவர் அடிக்கடி சொல்வார். இருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று செய்யக் கூடமும் இல்லை, அவரும் இல்லை.

புஷ்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "கரண்டு ஓடுதும்மா. ஆனா அவங்க நினைச்ச அளவுக்கு வரல."

"நான் சாம்பிராணி காட்டுனதாலயா அண்ணே?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. புகையைத் தங்கம் தடுக்கும் என்பதுதான் தவமணியின் நம்பிக்கை. புகையால் இல்லை என்று அக்காவை விடுவித்தால், பழி தங்கையின் முறை மேல் விழும். அதை அவர் காதில் எப்படிச் சொல்வேன்? தைரியமுள்ளவன் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். எனக்கு முனியாண்டியிடம் தவமணி சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். "காட்டுனது தப்பில்லன்னுதான் தவமணி சொல்லியிருப்பாங்க. மூடாம வச்சாத்தான் தப்புன்னு சொல்வாங்க."

"அவ மூடித்தானே அண்ணே வச்சா" என்றார் புஷ்பா. "நான்தானே தொறந்தேன்."

அவரும் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. தூரத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சில்லு தனக்கு வேண்டாம் என்று புஷ்பா சொல்லிவிட்டார். அதனால் அது என்னிடம் இருக்கிறது. இரு முனைகளில் துளித் தங்கம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாள். பெட்டியில் போட்டு, ஈரம் இழுக்கும் பொட்டலம் ஒன்றும் வைத்து, இறுக மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். பொட்டலத்தைத் தவறாமல் மாற்றுகிறேன். உள்ளே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று அளந்து பார்த்தவனும் நான்தான்.