ராஜாவின் குதிரைக்குக் கால் நிமிர்த்திய கதை

இன்று மாலை எங்கள் சர்ச் பங்கில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி. வீடு வீடாக வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்கள்.

தங்கச்சி வீட்டுக் குடிலில், மூன்று ராஜாக்களில் ஒருவருடைய பிளாஸ்டிக் குதிரைக்குப் பரணில் ஒரு வருடம் நசுங்கிக் கிடந்ததில் நாலு காலும் நாலு திசைக்குக் கோணியிருந்தன.

"நிக்க வச்சா பாலன் ஏசு மேலயே போயி விழுகுதுண்ணே. செத்த சரி பண்ணிக் குடு."

ஜில்லாவின் தலைசிறந்த குதிரை வைத்தியன் களத்தில் இறங்கினேன். வெந்நீரில் முக்கினால் கால் இளகும். நிமிர்த்தி உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் இறுகிவிடும். விரல் பத்தும் வேக, நிமிர்த்திவிட்டேன்.

"ஒரு வாளி தண்ணி குடு தாயி."

"குழாயில தண்ணி வந்து ஆறு நாளாச்சு. குதிரைக்கு ஒரு வாளியா? வாயால ஊது!"

ஊதினேன். சிறுமலையே குளிர்ந்திருக்கும், குதிரை குளிரவில்லை. குடிலில் நிறுத்திய மறுநொடி முன்னங்கால் இரண்டும் மடங்கிவிட்டன. அதே நேரம் வாசலில் ஃபாதரும் குழுவினரும். நான் கதவுக்குப் பின்னால்.

"அடடே, குதிரையே முட்டி போட்டுப் பாலனைக் கும்பிடுதே! யாரு யோசனைம்மா?"

"என் யோசனைதான் ஃபாதர். ரெண்டு நாளா யோசிச்சேன்."

முதல் பரிசு ஹாட்பாக்ஸ் அவளுக்கு. பத்து விரலிலும் பற்பசை எனக்கு. இந்தப் பதிவையே மூக்கால்தான் தட்டுகிறேன்.

ஹாட்பாக்ஸ் யாருக்குச் சேர வேண்டியது? கமெண்டில் தீர்ப்புச் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், எனக்குக் கிறிஸ்துமஸ் பிரியாணி அவள் வீட்டில்தான்.