சீனி போடாத லவ் கேக்

காலை ஏழரைக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். மாத்தளைக்கு இருபத்தாறு கிலோமீற்றர். பாதி வழி நின்றுகொண்டுதான் போனேன். என் காலை மிதித்த ஒருவர் என்னையே முறைத்தார். அக்குறணையில் வழக்கமான நெரிசல். இத்தனையையும் பொறுத்துக்கொண்டது ஒரு கேக்குக்காக. நான் வீட்டில் கேக் சுட்டு விற்பவள். இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப்பேர் சீனி இல்லாத கேக் கேட்கிறார்கள். மாத்தளையில் றிசானா என்றொருத்தி லவ் கேக்கைத் தேனிலேயே போடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அவளோடு போனில் பேசிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மாத்தளையில் நல்ல மழை. விலாசத்தைச் சொன்னதும் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "நாசர் நானா வீடா? பாவம் மனுசன். நாவுலவுக்கு மரக்கறி லொறி ஓட்டினவரு. இப்ப கால் சரியில்லங்க."

நாசர் நானா, றிசானாவின் கணவர், முன்னறையில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி இருந்தார். இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாயிற்று. புண் ஆறவில்லை. பாதத்தையும் எடுப்பதா என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்வார்களாம். "கேக்குக்கா வந்தீங்க தங்கச்சி? அப்ப எனக்கும் ஒரு துண்டு இருக்கு" என்று சிரித்தார். பகிடி என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

றிசானாவின் கை வேகமான கை. ரவையைப் பட்டரில் ஊறவைத்தாள். கஜு முந்திரியைப் பொடியாக நறுக்கினாள். மஞ்சள் கருவை அடித்து, யட்டவத்தச் சந்தையில் போத்தல் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய தேனை நூல்போல விட்டாள். சீனி ஒரு கோப்பை என்றால் தேன் முக்கால் போதும். ஏலம், கறுவா, பன்னீர் கடைசியில். "தேன் சுருக்கா கருகிரும் அக்கா, சூட்டக் குறைச்சு வைங்க" என்றாள். வெந்து வந்தபோது அந்த வாசத்தில் எனக்கு மழையும் மறந்தது, பஸ்ஸும் மறந்தது.

முதல் துண்டை அவள் கணவரிடம் கொண்டுபோனாள்.

"நானாவுக்குச் சீனி இருக்குதானே?" என்றேன்.

"அதுக்குத்தானே அக்கா தேன்! சீனி இருக்குன்னு சொன்ன நாள்ல இருந்து இந்த வீட்டுக்குச் சீனியே வாங்கல்ல. தேத்தண்ணிக்கும் தேன்தான். மருந்துதானே அது."

"டொக்டர் ஒவ்வொரு முறையும் கேக்குறாரு, சீனி பாவிக்கிறீங்களான்னு" என்றார் நானா. "இல்லன்னுதான் சொல்றேன். நம்புறாரில்ல. ரிப்போட்டப் பார்த்து ஏசுறாரு. மருந்துக் குளிசையக் கூட்டிக்கிட்டே போறாரு."

எங்களுக்கு டின்னில் இருப்பதும் சீனி, நீரிழிவு என்ற வருத்தமும் சீனி. டின்னை வெளியே போட்டால் வருத்தமும் போகும் என்று இந்த இருவரும் நம்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"றிசானா, தேனும் ரத்தத்துல சீனியாத்தான் ஏறும்."

நானா துண்டைத் தட்டில் வைத்தார். ஒரு கடி கடித்திருந்தார். "அப்ப டொக்டருக்கு நான் பொய்யா சொல்லியிருக்கேன்?"

"நீங்க பொய் சொல்லல்ல. நான்தான் தந்தேன்" என்றாள் றிசானா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"திங்கட்கிழமை போன உடனே தேனப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா கால் தப்புமா அக்கா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டபோது தட்டிலிருந்த மீதிக் கேக் முழுவதையும் எண்ணெய்த் தாளில் சுற்றி என் பையில் திணித்தாள். "இத இங்க வைக்க ஏலாது. கொண்டு போங்க." நானா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. செய்முறை முழுக்க மனப்பாடமாகிவிட்டது; கண்டியில் சீனி இல்லாத கேக்குக்காகக் காத்திருப்பவர்களின் முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன. கேக் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் இருந்த வயதான பெண் என் பையை எட்டிப் பார்த்தார்.

"நல்ல வாசம். கேக்கா மகள்?"

"ஆமாங்க."

"சீனி போட்டதா? எனக்குச் சீனி இருக்கு."

பையை இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

"முழுக்கச் சீனிதாங்க" என்றேன்.