என் ஞானத்தகப்பன் ஞானமுத்து

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது முத்தண்ணன் குடியிருந்த நீலசந்திராவிலிருந்து ஆள் வந்து சொன்னான்: "நம்ம முத்தண்ணன் காலைல தவறிப் பூட்டாரு." பட்டாளத்துக்குச் சட்டை தைத்த நம் பட்டறையின் கட்டிங் மாஸ்டர் ஞானமுத்து. அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

சுதந்திரம் வந்த மறுவருஷம் நான் ஞானஸ்நானம் பெற்றேன். வேலுச்சாமி சாமுவேல் ஆனதற்குக் காரணம் எந்தப் பிரசங்கமும் அல்ல. நான் டைபாய்டில் கிடந்த மாதம் முழுவதும், தன் வேலை முடிந்ததும் முத்தண்ணன் என் மெஷினில் உட்கார்ந்து என் பங்கையும் தைத்துக் கொடுத்தார். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றேன். "எங்க சாமி அப்படித்தான் சொல்லிக்கீறாரு" என்றார். அந்தச் சாமியைத் தேடி நானும் போனேன். ஞானஸ்நானத்தில் சாட்சியாக என் பக்கத்தில் நின்றவர் அவரே. அப்படி நிற்பவருக்கு எங்கள் சபையில் ஞானத்தகப்பன் என்று பெயர். என்னைவிட இரண்டே வயது மூத்த தகப்பன்! அன்றுமுதல் பட்டறையில் என்னை "இன்னா மகனே" என்றுதான் கூப்பிடுவார்.

சில வருஷம் கழித்து அவர் காமாட்சியை விரும்பினார். பெண் ஞானஸ்நானம் எடுத்தால்தான் சபையில் கல்யாணம் என்றார் போதகர். காமாட்சி சரி என்றுகூடச் சொல்லிவிட்டாள். மறுத்தவர் இவர்தான். "தாலிக்காகத் தலைல தண்ணி ஊத்திக்கினா அது குளியல்தான், ஞானஸ்நானம் இல்ல" என்றார். அல்சூர் அம்மன் கோயிலில் தாலி கட்டினார்.

சபைக் கமிட்டி கூடி அவர் பெயரை அடித்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நானே இந்து மதத்திலிருந்து வந்தவன், என்னையும் சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்று பயம். கோழைத்தனம், வேறொன்றுமில்லை. மறுநாள் பட்டறையில் முத்தண்ணன், மதியம் நான் ஜெபம் செய்து முடிக்கும்வரை, எப்போதும்போல் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருந்தார். "ஆமென்" மட்டும் சொல்லவில்லை.

இப்போது அவர் இறந்தபிறகும், சபைக் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்றார்கள். பொது இடுகாட்டின் ஓரத்தில் குழி வெட்டினோம். போதகர் வரவில்லை. பிள்ளையில்லாத வீடு. காமாட்சி என் கையில் மண்ணை வைத்தாள். "மொதப் புடி நீ போடு தம்பி. நீதான் அவரு புள்ளயாச்சே, ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரே." ஞானத்தகப்பன் என்ற வார்த்தையை அவள் அப்படியே நம்பியிருந்தாள். கமிட்டியில் தூக்கிய அதே கையால் மண்ணைப் போட்டேன்.

நேற்று சபைக்குப் போய்ப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அங்கத்தினர் பட்டியலில் அவர் பெயர்மேல் கோடு. ஞானஸ்நானப் பதிவேட்டில், என் பெயருக்கு எதிரே, அவர் பெயர் அப்படியே இருக்கிறது. அதையும் அடிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை போலும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இனி எந்தக் கமிட்டி கேட்டாலும் சொல்வேன்: நான் ஞானமுத்துவின் மகன்.