தினமும் குளித்த டிராக்டர்

என் டிராக்டரைப் போலச் சுத்தமான டிராக்டர் விருத்தாசலம் வட்டாரத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தச் சுத்தம்தான் என் மானத்தை வாங்கியது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அந்தக் கோடை முழுக்கப் பீங்கான் பட்டறைகளுக்கு வெள்ளைக் களிமண் லோடு ஓட்டினேன். காய்ந்துவிட்டால் அந்த மண் மாவு மாதிரி பறக்கும். மூக்கு, காது, சோற்றுத் தூக்கு, எதையும் விடாது. சாயங்காலமானால் டிராக்டரை போர் செட்டுப் பக்கம் நிறுத்தி, எதிரே நின்று, வாளி வாளியாக ரேடியேட்டரில் தண்ணீரை அறைவேன். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்தது. எனக்கு மூன்று ஏக்கர் செம்மண். விதைக்கென்று தோடு உடைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மூட்டையில் தயாராக இருந்தது. உடைத்த விதை காத்திருக்காது. ஈரமும் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. விட்டால் அந்தப் பட்டமே போச்சு.

முதல் நாள் அரை மணி நேரம் உழுதேன். இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறியது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டினால் மறுபடியும் கொதிப்பு. வாடகைக்கு வேறு டிராக்டர் கேட்டுப் போனேன். மழை எனக்கு மட்டுமா பெய்தது? ஒருவனும் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தான். ஃபேன் பெல்ட்டை இறுக்கினான். மூடியை மாற்றினான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வரப்பில் எறிந்தான்.

“இனிமே கொதிக்காதுண்ணே.”

பதினைந்தாவது நிமிடம் கொதித்தது.

“இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கணும்ணே. ஒரு வாரம் ஆவும்.”

“ஒரு வாரம் ஆனா உன்னையத்தாண்டா பிரிச்சுப் பாப்பேன்.”

போய்விட்டான்.

மதியம் என் மனைவி சோறு கொண்டுவந்தாள். அவள் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவள். அன்று அவளுக்கு லீவு. நான் வரப்பில் உட்கார்ந்து டிராக்டரின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் தூக்கை வைத்துவிட்டு, முன்பக்கக் கம்பித் தடுப்பைத் திறந்து, ரேடியேட்டரை விரலால் தட்டினாள். சுவரைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

“ஏங்க, இதுல காத்து எந்த வழியா போவும்?”

“அதான் தெனம் கழுவுறனே!”

“கழுவித்தான் கெடுத்திருக்கீங்க. காஞ்ச தூசியத் தட்டி வுடணும். தண்ணி அடிச்சா கூழாயி உள்ள போயி குந்திக்கும். அப்புறம் நீங்களே இன்ஜின ஓட்டி சூடும் காட்டுறீங்க. எங்க மேஸ்திரிகூட இவ்ளோ பக்குவமா காய வைக்க மாட்டாரு.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப ரேடியேட்டரு போச்சா?”

“சூளைக்கா போச்சு? சுடாத மண்ணு ஊறினா கரைஞ்சுதான் ஆவணும். மொதல்ல அது ஆறட்டும். நீங்களும் ஆறுங்க. சோத்தத் தின்னுங்க.”

தின்றேன். வேறென்ன செய்ய?

டிராக்டர் ஆறியதும் நனைத்த கோணியை ரேடியேட்டர்மேல் போர்த்தினாள். ஒரு மணி நேரம் ஊறவிட்டாள். பிறகு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாக அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

“அந்தச் சோத்துத் தூக்கக் கொண்டாங்க. நாலு கப்பு வார்த்துடலாம்” என்றாள்.

“வாய மூடு” என்றேன். என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறாள்?

தண்ணீர் தெளிவாக வந்த பிறகு ஓட்டினேன். முள் நடுவில் போய் நின்றது, அசையவில்லை. இருட்டும்வரை உழுதேன். மூன்றாம் நாள் ஈரம் இருக்கும்போதே விதைத்து முடித்தோம்.

ஆனால் முதல் நாள் கிளறிப்போட்டு ஈரத்தைக் கோட்டைவிட்ட மூலை மட்டும் முளைக்கவில்லை. சொட்டைத் தலை மாதிரி பல்லிளித்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், “அங்க மட்டும் ஏன் மல்லாட்ட மொளைக்கல?” என்று கேட்டார்கள்.

“எலி தின்னுடுச்சு” என்றேன்.

“ஆமாமா,” என்பாள் அவள், “டிராக்டரு ஓட்டுற எலி.”