காவ்யாவுக்கு நான் போட்ட வெளுப்பு

லைவ் தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது. என் மேக்கப் நாற்காலியில் காவ்யா உட்கார்ந்திருந்தாள். இங்கே அமெரிக்காவிலேயே, பிளசன்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் டி.வி. காமெடி நிகழ்ச்சிக்கு மூன்று வருடமாக வசனம் எழுதுகிறாள். கேமரா முன் நின்றதே இல்லை.

இந்திய வம்சாவளிப் பெண் அரசியல்வாதி ஒருவராக அதுவரை நடித்தவள் மேகன் என்ற வெள்ளைக்கார நடிகை. அவள் முகத்தில் மாநிறம் பூசியது நான்தான். பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள், நியாயம்தான். மேகன் நேரே தயாரிப்பாளரிடம் போய், "காவ்யா இருக்கும்போது நான் எதற்கு?" என்று வேடத்தை விட்டுக்கொடுத்தாள். இந்தத் தொழிலில் கைக்கு வந்த வேடத்தை யார் விடுவார்கள்? பெரிய மனசு அவளுக்கு. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்தது ஒரே ஒரு வாய்ப்பு. இன்று சிரிப்பு வராவிட்டால் காவ்யா பழையபடி எழுதத்தான் போக வேண்டும்.

மளமளவென்று முடித்துவிட்டு, "சூப்பரா இருக்கே கண்ணு" என்றேன். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஐ'ம் நாட் திஸ் ஃபேர். நான் நடிக்கிற அந்த அரசியல்வாதி அம்மாவும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. வார இறுதிகளில், நம் ஆட்கள் நிறைய வசிக்கும் பிஸ்கட்டவே ஊர்ப் பக்கம் நம் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள் நான். "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று பெண்ணின் அம்மா வாய் திறப்பதற்குள் இரண்டு ஷேட் வெளுப்பாக எடுத்துவிடும் கை இது. வெள்ளைக்காரிக்கு மாநிறம் பூசினேன், மாநிறப் பெண்ணுக்கு வெள்ளை பூசினேன். என் புத்தியை என்ன சொல்ல!

"பத்து நிமிஷம்தான் இருக்கு. ரிஸ்க் எடுக்கலாமா?" என்றேன்.

"துடைச்சிடுங்க ஆன்ட்டி. பவுடர் மட்டும் போதும்."

துடைத்தேன். போனாள். நிருபர் பேட்டி எடுக்கும் காட்சி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள், கேட்டவரையே பாராட்டுவது போலத் தலையசைத்தாள். அச்சு அசல் அந்த அம்மா. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது.

பக்கத்தில் நின்ற மேகன் கைதட்டியபடியே சொன்னாள்: "நான் கலரைத்தான் போட்டுக்கொண்டேன். இவள் ஆளையே கொண்டுவந்துவிட்டாள்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேக்கப் கற்கும் பிள்ளைகளே, நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேட் கார்டைத் தொடுவதற்கு முன் எதிரே இருப்பவளின் கழுத்தைப் பாருங்கள். அவள் நிறம் அங்கே இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் போட்ட நல்ல மேக்கப் எது என்று கேட்டால், அன்று துடைத்ததைத்தான் சொல்வேன்.