கோட்டைக் கோயிலுக்கு முதலில் போன நாள்

எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் உங்கள் அம்மா முதலில் அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாள். அங்கே காப்பி குடித்து, கதை பேசி, நாம் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கிறது. போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அவள் காரணத்தைச் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் பிறக்கவில்லை. பொம்மிடிப் பக்கம் நம் வீடு. உங்கள் அம்மாவின் அப்பா தருமபுரியில், கோட்டைக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மகனோடு இருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவரைப் பார்த்துவிட்டு, அவர் பேருக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக பஸ் வெகுநேரம் நின்றது. தருமபுரியில் இறங்கும்போது உச்சிவெயில் நெருங்கிவிட்டது.

"ஏங்க, நடை சாத்திருவாங்க. மொதல்ல கோயிலுக்குப் போயிரலாம். அப்பா எங்க போயிரப் போறாரு," என்றாள்.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மாள் அவளுக்குத் தெரிந்தவர், அதே தெருக்காரர்.

"வா கண்ணு. புருசன் வூட்டுச் சோறு ஒத்துக்கிச்சு போல, கன்னமெல்லாம் உப்பிக் கெடக்கு. அப்பனப் பாத்தியா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"ரொம்ப எளைச்சிட்டாரு. என்னயப் பாத்தாப் போதும், எம்பொண்ணு எப்ப வருவான்னு கேக்குறாரு."

உங்கள் அம்மா பூவை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே நடந்தாள். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பேரைச் சொன்னாள், நட்சத்திரம் தெரியவில்லை. "பரவால்லம்மா, சாமி பேருக்கே பண்ணிடலாம்," என்றார் ஐயர். அவள் மனசுக்கு அது ஒப்பவில்லை. அப்பாவைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

அந்த மண்டபத்தில் ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்கும். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் துண்டை அடியில் நுழைப்பாராம். இவள் இந்தப் பக்கம் இழுப்பாளாம். அவர் வேண்டுமென்றே விடாமல் பிடித்துக்கொள்வாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பக்கத்திலிருக்கும் பெருமாளையும் கும்பிட்டு வெளியே வந்தோம்.

"சரி, மாமாவப் பாக்கப் போலாமா புள்ள?" என்றேன்.

செருப்பைப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கோயிலுக்குப் போனால் நேராக நம் வீட்டுக்குத்தான் வரவேண்டும், நடுவில் வேறு வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வேண்டிக்கிட்டது அந்த வூட்டுலயே தங்கிப் போயிருமுங்க."

"தங்கட்டுமே. உங்கப்பனுக்குத்தானே வேண்டிக்கிட்ட? அங்கயே தங்குனா நல்லதுதானே?"

ஒரு நிமிஷம் அவளுக்கும் அது சரியென்று பட்டது. தெருவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"கட்டிக் குடுத்த பொறவு அது அடுத்த வூடுதானுங்க. அவரு உசுரு விசயம், வெளையாடக் கூடாது. திருநீற நம்ம வூட்டு வெளக்குக்கு முன்னால வெச்சிட்டு, காலையில மொத பஸ்ஸுக்கு எடுத்துட்டு வந்துரலாம்."

அப்பாமேல் பாசமில்லாத பெண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் போயிருப்பாள்.

காலையில் நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே தருமபுரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. விடியும் முன் உயிர் போயிருந்தது.

பஸ்ஸில் அவள் அழவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். போனதும் அதைப் பிரித்து அவர் நெற்றி நிறையப் பூசினாள். பூக்கார அம்மாளும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர்தான் முந்தின நாள் வியாபாரம் முடிந்து போகிற போக்கில் அவள் அப்பாவிடம், "உங்க பொண்ணு கோயில்ல நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதன்பிறகு நடந்ததை உங்கள் மாமா அவளிடம் சொன்னார்.

"படுத்திருந்தவரு எந்திரிச்சு வாசப்படியில வந்து உக்காந்துட்டாரு. பால் வாங்கி வெக்கச் சொன்னாரு. எங்களுக்குக்கூட காப்பி போட வுடல. எம்பொண்ணு வந்ததும் போடலாம்னாரு. பொழுது சாஞ்சுது. நான் உம்மேல கோவமாப் பேசுனேன். அவரு என்னயத்தான் அதட்டுனாரு. 'கோயிலுக்கு வந்தவ நேரா வூட்டுக்குத்தான்டா போவணும். நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்'னாரு."

அப்போதுதான் உங்கள் அம்மா அழுதாள்.

அவள் நட்சத்திரத்தைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இன்றும் திதி கொடுக்கும்போது பேரை மட்டும்தான் சொல்கிறோம்.

அவளுக்குச் சாமிமேல் வருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேராக வீட்டுக்கு வரும் வழக்கத்தை அவள் இன்னும் விடவில்லை. அதனால்தான் மனிதர்களை முதலில் பார்த்துவிடுகிறாள். இனி அவள் யார் வீட்டுக்காவது முதலில் போகலாம் என்றால் முணுமுணுக்காமல் கூடப் போங்கள். நடை சாத்தினால் சாத்தட்டும். சாயங்காலம் திறக்கும்வரை நான் உங்களோடு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.