அக்கா பார்த்த வேலைக்கு நான் போக விரும்பும் காரணம்

ஆஸ்பத்திரியில் புரள முடியாமல் கிடந்த பனமலை அம்மாவின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்ததைப் பார்த்த கணத்தில்தான், அக்கா பார்த்த வேலைக்கு நானும் போக வேண்டும் என்று முதன்முதலில் தோன்றியது. "அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய இனிமே இந்த வீட்ல யாரும் மிதிக்கக் கூடாது" என்று நைனா சொல்லியிருந்த நேரம் அது. இந்த ஓராண்டில் அவரும் மனம் மாறவில்லை, நானும் மாறவில்லை. அதனால்தான் அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோர் முன்பும் இதை எழுத்தில் வைக்கிறேன்.

அக்கா செஞ்சிக் கடைத்தெருவில், எங்கள் மளிகைக் கடையின் பின்கட்டில் பிறந்தார். சீயமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா பாம்பு கடித்து இறந்தபோது அக்காவுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் மூலையில் உட்கார மறுத்து, ஊர் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாளாகச் சேர்ந்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலஜலம் எடுப்பது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, இதெல்லாம்தான் வேலை. "கடைக்காரர் பொண்ணு பீ அள்றாளாம்" என்று எங்களிடம் பருப்பு வாங்க வந்தவர்களே பேசினார்கள். அக்கா சிரித்துவிடுவார். "பேசட்டும்டி. நாளைக்கு அவங்க படுத்தா நாந்தானே அள்ளப் போறேன்!"

நினைவே இல்லாதவர்களிடம்கூட, "திருப்பறேன் தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். உயிர் போனவர்களைத் துடைக்கும்போதும் அப்படித்தான். ஏன் என்று கேட்டேன். "சொல்லாம தொட்டா பயந்துக்குவாங்க இல்ல?" என்றார்.

அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லிக்கும் கட்டுப்படவில்லை, ஊசிக்கும் கட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரிதான் மகளைத் தின்றுவிட்டது என்று நைனா நம்பினார்.

கருமாதிக்கு மறுநாள் உச்சிப்பொழுதில், நைனா கடையில் இருந்தபோது, அக்காவின் மாற்றுப் புடவையை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டில் பனமலை அம்மா ஜன்னல் பக்கம் முகம் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்தவர், தானாகப் புரள முடியாது. முதுகுக்குப் பின்னால் பழைய புடவையைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்தது. அக்கா கொடுப்பது போலவே.

"ஒங்கக்கா இப்பத்தான் போனா. திருப்பறேன் தாயின்னா" என்றார் குழறலாக.

நர்சம்மா நிமிர்ந்தார். "நான் தொடலியே. ஆயாவும் லீவுல இருக்குது."

டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்த அந்த அம்மாவின் மருமகள், "நானும் இல்லீங்க" என்றாள்.

வெளியே கோட்டைப் பாறைகள் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தன. எனக்கோ விரல்கள் சில்லிட்டன. அந்த அம்மாவின் முதுகில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம். அந்த வார்டில் அக்காவைத் தவிர யாரும் அதைத் தடவியதில்லை.

சேதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் நான் மறுபடி போனபோது, கட்டில் காலில் குங்குமம். கம்பியில் மேல்மலையனூர் அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழம். அந்த அம்மா முந்தின நாள் கிடந்த அதே பக்கமாகவே கிடந்தார். நான் கட்டிலை நெருங்கியதும் மருமகள் அலறினாள்.

"தொடாத பொண்ணே! அவங்கதான் வந்து பாத்துக்கறாங்களே. நாம கை வெச்சா கோச்சிக்குவாங்க."

புடவையை விலக்கினேன். இடுப்பு சிவந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் தோல் பிய்ந்துவிடும்.

அக்கா வந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாமெல்லாம் கைகட்டி நிற்கட்டும் என்று வருகிறவர் அல்ல அவர். "திருப்பறேன் தாயி" என்று சொல்லிவிட்டுக் கை கொடுத்துத் தூக்கினேன். பாறாங்கல் கனம். திடீரென்று பாரம் பாதியாயிற்று. மருமகள் வாசற்படியில் நின்றிருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. பனமலை அம்மா என் தோளைத் தாண்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை நழுவியிருக்கும்.

அன்று முதல் பகல் வேளைகளில் வீட்டுக்குத் தெரியாமல் போய்வந்தேன். சிவப்பு மறைந்தது. அந்த அம்மா வண்டி கட்டிப் பனமலைக்குத் திரும்பினார். பாரம் மட்டும் அப்புறம் ஒருநாளும் பாதியாகவில்லை. முழுப் பாரத்தையும் நானே தூக்கப் பழகிக்கொண்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வரன் வருமா என்று காத்திருக்கும் தங்கைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். இந்த வேலைக்குப் பல வருடம் படிக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்களே தொடப் பயப்படுகிற உடம்பு ஒன்று எங்கேயோ கிடக்கிறது. அதைத் துடைத்து, புரட்டி, வாயில் கஞ்சி ஊற்றி, மறுநாள் காலை அது கண் திறந்து நம்மைப் பார்க்கும்போது, உலகத்தில் எந்த இருட்டும் நம்மை ஒன்றும் செய்யாது என்று தெரிந்துபோகும். எனக்குத் தெரிந்தது.

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டர் ஐயாவுக்கும் நர்சம்மாவுக்கும், அன்று கடையடைத்து உடன் நடந்த கடைத்தெருப் பெரியவர்களுக்கும், அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மேல்மலையனூரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த சித்தப்பா குடும்பத்துக்கும் எங்கள் கும்பிடு.

கடலூரில் உதவி நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். மனு எழுதிவிட்டேன். பெற்றவர் கையெழுத்து வேண்டும். நான் திருட்டுத்தனமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது நைனாவுக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும். படித்ததும் கண்ணாடியைக் கழற்றுவார், என்னைத் தேடுவார். தேட வேண்டாம் நைனா. பேனாவோடு உங்கள் எதிரில்தான் நிற்பேன்.